யாருக்கு எந்தப் பங்கு: சோவியத் ஒன்றியத்தின் பாகப்பிரிவினை

ஐநா சாசனத்தின் 23ஆம் பிரிவை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும், பாதுகாப்பு கவுன்சிலின் நிரந்தர உறுப்பினர் பட்டியலில் ரஷ்யா என்ற பெயர் இருக்காது. ‘சோவியத் சோசலிசக் குடியரசுகளின் ஒன்றியம்’ என்றுதான் இருக்கும். அந்த நாடு மறைந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. பெயரை மாற்ற யாரும் முயலவில்லை, அதற்குக் காரணமும் உண்டு.

சோவியத் வீழ்ச்சி என்றதும் பெர்லின் சுவர், கோர்பச்சேவ், டாங்கியின் மேல் ஏறி நின்ற யெல்ட்சின் என்று படங்களாகவே நினைவுக்கு வருகிறது. பொருளாதாரம் ஏன் நொடித்தது, கட்சி ஏன் சிதறியது என்பதைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிவிட்டார்கள். ஆனால் அதன்பிறகான உலக அரசியலைத் தீர்மானித்தது விழுந்த விதத்தைவிட, விழுந்ததைப் பங்கு போட்ட விதம்தான். நாற்காலி யாருக்கு, அணுகுண்டு யாருக்கு, கடன் யார் தலையில், கப்பல் யாருக்கு, எல்லை எது? 1991 டிசம்பரில் தொடங்கி 1997 மே வரை நீண்ட பாகப்பிரிவினை அது. அவசரத்தில் எழுதிய பத்திரங்களில் விட்டுப்போன வரிகளுக்காக இன்னமும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேதிகளை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். 1991 டிசம்பர் 1 அன்று உக்ரைனில் வாக்கெடுப்பு. 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு ஆதரவு. அதே ஆண்டு மார்ச்சில் ஒன்றியம் நீடிக்க வேண்டுமா என்று கோர்பச்சேவ் நடத்திய வாக்கெடுப்பில், கலந்துகொண்ட குடியரசுகளில் வாக்களித்தவர்களில் முக்கால் பங்குக்கு மேல் ‘வேண்டும்’ என்றிருந்தார்கள். இடையில் நடந்தது ஆகஸ்ட் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி. டிசம்பர் 8 அன்று பெலாரஸின் பெலவேஷா காட்டில், விஸ்குலி என்ற அரசு வேட்டை மாளிகையில் ரஷ்யாவின் யெல்ட்சின், உக்ரைனின் கிராவ்சுக், பெலாரஸின் சுஷ்கேவிச் மூவரும் கையெழுத்திட்டு ஒன்றியம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். டிசம்பர் 21 அன்று கசகஸ்தானின் அல்மா அட்டாவில் 11 குடியரசுகள் அதை ஏற்றன. 25ஆம் தேதி கோர்பச்சேவ் ராஜினாமா செய்தார்.

அல்மா அட்டாவில் கையெழுத்தான காகிதங்களில் ஒன்று மிகச் சின்னது. ஐநாவில் சோவியத் ஒன்றியத்தின் இடத்தை, பாதுகாப்பு கவுன்சில் நிரந்தர இடம் உட்பட, ரஷ்யா தொடர்வதற்கு மற்றவர்கள் ஆதரவு தருகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். மூன்றே நாளில், டிசம்பர் 24 அன்று, யெல்ட்சின் கையெழுத்திட்ட கடிதம் ஐநா பொதுச்செயலாளரிடம் போய்ச் சேர்ந்தது. தூதர் வொரொன்ட்சொவ் அதே ஆள்தான். அவர் முன்னால் இருந்த பெயர்ப்பலகை மட்டும் மாறியது. பொதுச்சபையில் வாக்கெடுப்பு இல்லை, கவுன்சிலில் தீர்மானம் இல்லை. 1992 ஜனவரி 31 அன்று கவுன்சில் முதல் முறையாக நாட்டுத் தலைவர்கள் அளவில் கூடியபோது யெல்ட்சின் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது இந்தியாவும் கவுன்சிலில் தற்காலிக உறுப்பினர். நரசிம்ம ராவும் அந்த மேசையில் இருந்தார்.

ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகளின் ஒப்புதல் வேண்டும், கூடவே நிரந்தர உறுப்பினர் ஐவரின் ஒப்புதலும் வேண்டும். ஐந்தாவது யார் என்பதே கேள்வியாக இருக்கும்போது யார் ஒப்புதல் தருவது? அதோடு, அந்தப் பிரிவைத் திறந்துவிட்டால் ஜப்பான், ஜெர்மனி, இந்தியா என்று ஒவ்வொருவராகத் தங்கள் கோரிக்கையோடு வந்துவிடுவார்கள். எந்தத் தீர்மானத்தையும் தனியே தடுக்கும் தங்கள் வீட்டோ அதிகாரமும் விவாதத்துக்கு வரும் என்ற கவலை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இருந்திருக்கும். அமெரிக்காவுக்கோ, ஐந்து மாதத்துக்கு முன்தான் கையெழுத்தான ஸ்டார்ட் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதனால் எல்லாரும் அமைதி காத்தார்கள்.

அடுத்த ஆண்டே யூகோஸ்லாவியா விஷயத்தில் இதே ஐநா நேர்மாறாக நடந்துகொண்டது. செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் சேர்ந்து ‘பழைய நாட்டின் தொடர்ச்சி நாங்கள்’ என்றபோது, 1992 செப்டம்பரில் கவுன்சில் 777ஆம் தீர்மானத்தின் மூலம் அதை மறுத்தது. அவர்கள் புதிதாக விண்ணப்பித்து உள்ளே வந்தது 2000 நவம்பரில். சட்டக் கோட்பாட்டில் இரண்டுக்கும் வேறுபாடு காட்டலாம்: ரஷ்யா விஷயத்தில் மற்ற குடியரசுகள் சம்மதித்தன, யூகோஸ்லாவியாவில் சம்மதிக்கவில்லை. உண்மை. ஆனால் ஒருவரிடம் ஆயிரக்கணக்கில் அணுகுண்டு இருந்தது, இன்னொருவரிடம் இல்லை என்பதும் உண்மை.

அணுகுண்டு விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘உக்ரைன் ஏமாந்து கொடுத்துவிட்டது’ என்று ஒரு தரப்பும், ‘அது உக்ரைனுடையதே இல்லை’ என்று இன்னொரு தரப்பும் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ஒன்றியம் உடைந்தபோது நீண்டதூர அணு ஆயுதங்கள் நான்கு குடியரசுகளில் இருந்தன. உக்ரைனில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் 176. அவற்றில் 130 எஸ்எஸ்-19 ரகம், ஒவ்வொன்றின் தலையிலும் 6 குண்டுகள். 46 எஸ்எஸ்-24 ரகம், ஒவ்வொன்றிலும் 10. கூட்டினால் 780, 460, ஆக மொத்தம் 1,240. இதற்கு மேல் டியூ-95, டியூ-160 குண்டுவீச்சு விமானங்களுக்கான அணு ஏவுகணைகள் தனி. கசகஸ்தானில் எஸ்எஸ்-18 ரகம் 104, தலைக்கு 10 வீதம் 1,040 குண்டுகள். பெலாரஸில் ஒற்றைத் தலை கொண்ட, லாரியில் ஏற்றித் திரியும் டோப்போல் ஏவுகணைகள் 81. உக்ரைன் தன்னிடம் இருப்பதை வைத்துக்கொண்டிருந்தால் அமெரிக்கா, ரஷ்யாவுக்கு அடுத்த மூன்றாவது பெரிய அணுசக்தி நாடாகியிருக்கும்.

ஆனால் மண்ணில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. ஏவுவதற்கான குறியீடுகள் மாஸ்கோவில் இருந்தன. ‘செகெட்’ எனப்படும் கட்டளைப் பெட்டிகள் மூன்று: அதிபரிடம் ஒன்று, பாதுகாப்பு அமைச்சரிடம் ஒன்று, தலைமைத் தளபதியிடம் ஒன்று. டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவின் விடைபெறும் உரையால் எரிச்சலடைந்த யெல்ட்சின், பெட்டியை நேரில் வாங்க வர மறுத்துவிட்டார். மார்ஷல் ஷாப்போஷ்னிகொவ்தான் கொண்டுபோய்ச் சேர்த்தார். உலகத்தை எரிக்கும் சாவி கைமாறியது இந்தக் கோபத்துக்கு நடுவில்தான். உக்ரைன், பெலாரஸ், கசகஸ்தான் தலைவர்களின் சம்மதத்தோடுதான் ரஷ்ய அதிபர் முடிவெடுப்பார் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். ‘ஏவாதே’ என்று சொல்லும் உரிமை உக்ரைன் தலைநகர் கீவுக்குக் கிடைத்தது. ‘ஏவு’ என்று சொல்லும் வசதி இல்லை.

குறியீட்டை உடைத்திருக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. உக்ரைனிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. எஸ்எஸ்-18, எஸ்எஸ்-24 இரண்டையும் வடிவமைத்ததே தினிப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரத்து நிறுவனம்தான். ஆனால் ஏவுகணை செய்யத் தெரிந்தால் போதாது. அதன் தலையிலிருக்கும் குண்டைப் பராமரிக்க வேண்டும். வெப்ப அணுகுண்டில் டிரிட்டியம் வாயு தேவை. 12 ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் அது பாதியாகக் கரைந்துவிடும், அவ்வப்போது மாற்றியாக வேண்டும். குண்டு செய்யும் ஆலைகளும் டிரிட்டியம் தயாரிக்கும் உலைகளும் எல்லாமே ரஷ்யாவில். சில ஆண்டு போனால் தன் மண்ணிலேயே காலாவதியாகும் குண்டுகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று, இவை அமெரிக்காவைக் குறிவைத்துச் செய்தவை. கீவிலிருந்து மாஸ்கோ 750 கிலோமீட்டர்தான். பத்தாயிரம் கிலோமீட்டர் பாயும் ஏவுகணை பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டப் பொருத்தமான ஆயுதமல்ல.

1993ஆம் ஆண்டு உக்ரைனில் விலைவாசி 10,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. செர்னோபில் அணு உலை விபத்து நடந்து ஏழே வருடம். ‘அணு ஆயுதத்தை வைத்துக்கொள்வோம்’ என்றால் மேற்கத்தியக் கடனும் கிடைக்காது, ரஷ்யாவின் எரிவாயுவும் கிடைக்காது. ‘கொடுத்துவிடாதீர்கள்’ என்று இன்று சொல்பவர்கள் அன்றைய கஜானாவைப் பார்ப்பதில்லை.

கைமாறியது படிப்படியாக. சிறிய ரக, போர்க்களத்துக்கான அணு ஆயுதங்கள் 1992 மே மாதத்துக்குள் ரயிலேறி ரஷ்யா போய்விட்டன. எளிதில் தூக்கிச்செல்லக்கூடியவை என்பதால் அவற்றைப் பற்றித்தான் எல்லாருக்கும் முதல் பயம். அதே மாதம் லிஸ்பனில், மூன்று குடியரசுகளும் அணு ஆயுதமற்ற நாடுகளாகச் சம்மதித்தன. 1994 ஜனவரி 14 அன்று மாஸ்கோவில் கிளின்டன், யெல்ட்சின், கிராவ்சுக் முத்தரப்பு உடன்பாடு. அதில்தான் விலை பேசினார்கள்: பத்து மாதத்தில் குறைந்தது 200 குண்டுகள் ரஷ்யா போக வேண்டும், பதிலுக்கு உக்ரைனின் அணுமின் நிலையங்களுக்கு 100 டன் குறை செறிவு யுரேனிய எரிபொருள், அதற்கான முன்பணமாக அமெரிக்கா ரஷ்யாவுக்கு 6 கோடி டாலர். ஏவுகணைக் குழிகளைத் தகர்க்க, அமெரிக்க செனட்டர்கள் நன், லூகர் இருவரும் 1991இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் பென்டகன் பணம் கொடுத்தது. முன்னாள் எதிரியின் ஆயுதத்தை அறுத்துப்போடத் தன் ராணுவ பட்ஜெட்டிலிருந்து காசு கொடுத்த அந்தத் திட்டத்தைத்தான் அந்தப் பத்தாண்டின் மிகப் புத்திசாலித்தனமான செலவு என்பேன்.

1994 டிசம்பர் 5, புடாபெஸ்ட். உக்ரைன், ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் நான்கும் கையெழுத்திட்ட குறிப்பாணை. உக்ரைனின் எல்லைகளை மதிப்போம், அதன்மேல் பலத்தைப் பிரயோகிக்க மாட்டோம், பொருளாதார நெருக்கடி கொடுக்க மாட்டோம். எல்லாம் இருக்கிறது. மீறினால் என்ன என்பதுதான் இல்லை. படை அனுப்புவோம், ஆயுதம் தருவோம் என்று ஒரு வரி கிடையாது. கூடிக் கலந்தாலோசிக்கலாம். அணு ஆயுதத்தால் தாக்கப்பட்டாலோ மிரட்டப்பட்டாலோ பாதுகாப்பு கவுன்சிலிடம் போகலாம்.

இந்தக் கடைசி வரியில்தான் இரண்டு பத்திரங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்று ஆண்டுக்கு முன் அல்மா அட்டாவில் அந்தக் கவுன்சிலின் வீட்டோவை ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்து உக்ரைனும் கையெழுத்துப் போட்டிருந்தது. வழக்கு வந்தால் எதிராளியே நீதிபதி. 2022 பிப்ரவரி 25 அன்று படையெடுப்பைக் கண்டிக்கும் வரைவை ரஷ்யா வீட்டோ செய்தது. அந்த மாதம் கவுன்சில் தலைமையும் ரஷ்யாவிடமே. உக்ரைன் தூதர் கிஸ்லிட்சியா, ரஷ்யாவுக்கு நாற்காலி போன 1991 டிசம்பரின் சட்டக் குறிப்புகளைக் காட்டுங்கள் என்று கேட்டதெல்லாம் முப்பது வருடம் தாமதமான கேள்வி. தன் நாட்டின் கையெழுத்தும் அந்தக் காகிதத்தில் இருந்தது.

1996 ஜூனில் கடைசிக் குண்டு உக்ரைனை விட்டுப் போனது. கசகஸ்தான் ஓராண்டு முன்பே முடித்துவிட்டது, பெலாரஸ் அந்த நவம்பரில். உக்ரைனின் கடைசி ஏவுகணைக் குழி 2001இல் பெர்வொமைஸ்க் அருகே தகர்க்கப்பட்டது. 1999இல் எட்டு டியூ-160, மூன்று டியூ-95 விமானங்களையும் 575 ஏவுகணைகளையும் எரிவாயுக் கடனுக்கு ஈடாக ரஷ்யாவிடம் ஒப்படைத்தது உக்ரைன். மீதியை வெட்டிப் பழைய இரும்பாக்கினார்கள்.

கசகஸ்தானில் ஒரு தனிக்கதை. உஸ்த்-காமெனொகோர்ஸ்க் நகரின் உல்பா உலோக ஆலையில், நீர்மூழ்கி எரிபொருளுக்காக வைத்திருந்த சுமார் 600 கிலோ உயர் செறிவு யுரேனியம் அப்படியே கிடந்தது. அரசே அமெரிக்காவிடம் சொன்னது. 1994 இலையுதிர்காலத்தில் ஒரு குழு போய், வாரக்கணக்கில் அதை 448 கலன்களில் அடைத்து, மூன்று சி-5 விமானங்களில் ஏற்றி டென்னசியின் ஓக் ரிட்ஜுக்குக் கொண்டுபோனது. 600 கிலோ என்றால் இருபதுக்கு மேற்பட்ட குண்டுகள்.

ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்த குண்டுகள் என்ன ஆயின? 1993 பிப்ரவரியில் அமெரிக்காவும் ரஷ்யாவும் போட்ட ஒப்பந்தப்படி, 500 டன் ஆயுதத்தர யுரேனியத்தை 20 ஆண்டுகளில் மின்நிலைய எரிபொருளாக மாற்ற வேண்டும். குண்டு ஒன்றுக்கு 25 கிலோ என்று வைத்தால் 20,000 குண்டுகளுக்கான சரக்கு. குண்டிலிருந்து எடுத்த உலோகத்தைச் சீவல்களாக்கி, ஆக்சைடாக எரித்து, ஃபுளோரினோடு சேர்த்து வாயுவாக்குவார்கள். யுரேனியம்-235 என்ற எரியும் வகை 90 சதவீதம் உள்ள அந்தச் சரக்கை, அது 5 சதவீதத்துக்குக் கீழே வருமளவுக்கு நீர்த்த யுரேனிய வாயுவோடு கலப்பார்கள். கலப்பதற்கு இயற்கை யுரேனியத்தை எடுத்தால் சிக்கல். செறிவூட்டும்போது யுரேனியம்-235 மட்டும் கூடுவதில்லை, வேண்டாத யுரேனியம்-234உம் சேர்ந்து கூடிவிடும். கலவை வணிக எரிபொருள் தரத்தைத் தாண்டிவிடும். அதனால் செறிவூட்டல் கழிவிலிருந்து 234 குறைவாக உள்ள சரக்கைத் தனியாக 1.5 சதவீதத்துக்கு உயர்த்தி அதோடு கலந்தார்கள். 2013 டிசம்பரில் கடைசிக் கப்பல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அந்த இருபது ஆண்டும் அமெரிக்க மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த எரிபொருளிலிருந்து வந்தது. அமெரிக்க நகரங்களுக்குக் குறிவைத்த யுரேனியம் அந்த நகரங்களிலேயே விளக்கெரித்தது. ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: மலிவான ரஷ்யச் சரக்குக்குப் பழகிய அமெரிக்கா தன் செறிவூட்டல் ஆலைகளைக் கைவிட்டது. உக்ரைன் போர் வந்து ரஷ்ய யுரேனியத்துக்குத் தடை போட வேண்டும் என்றபோதுதான் அந்தப் பள்ளம் தெரிந்தது.

எல்லைப் பங்கீட்டுக்கு வருவோம். விதி எளிது: 15 ஒன்றியக் குடியரசுகளும் நாடாகும், அவற்றின் நிர்வாக எல்லையே நாட்டெல்லை. 1977 சோவியத் அரசியலமைப்பின் 72ஆம் பிரிவு பிரிந்துபோகும் உரிமையை இந்தப் பதினைந்துக்கு மட்டும்தான் கொடுத்தது. அதற்குக் கீழ்ப்படியில் இருந்த தன்னாட்சிக் குடியரசுகளுக்கும் வட்டாரங்களுக்கும் இல்லை. எஸ்தோனியா தனிநாடு, செச்சென்யா கிளர்ச்சி. யார் எந்தப் படியில் இருந்தார்கள் என்பது பெரும்பாலும் ஸ்டாலின் காலத்து அலுவலகக் கோப்பின் முடிவு. அந்தப் படியில் சிக்கியவைதான் பிறகு செய்தியில் அடிபட்ட பெயர்கள் எல்லாம்: செச்சென்யா, அப்காசியா, தெற்கு ஒசேட்டியா, நகோர்னோ-கராபாக். 1990 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. குடியரசு பிரியும்போது அதற்குள் இருக்கும் தன்னாட்சிப் பகுதிகள் தனியே வாக்களித்து முடிவு செய்யலாம் என்றது அது. அதை ஒருவரும் மதிக்கவில்லை. நடைமுறையை நீட்டி விடுதலையைத் தடுக்கும் தந்திரம் என்றே பார்த்தார்கள். அது தந்திரம்தான். ஆனாலும் சிறிய இனங்களுக்கு அந்த நேரத்தில் இருந்த ஒரே சட்ட வழியும் அதுதான். கிரிமியா 1954இல் ரஷ்யாவிலிருந்து உக்ரைனுக்கு மாற்றப்பட்ட பகுதி. அங்கே 1991 வாக்கெடுப்பில் விடுதலைக்கு 54 சதவீதம்தான்.

அந்தக் கிரிமியாவில்தான் சோவியத் கடற்படையின் கருங்கடல் படை நின்றது. ஐந்தரை ஆண்டு இழுபறி. பாதிக்குப் பாதி என்று பேசினார்கள்; பிறகு உக்ரைன் தன் பாதியின் பெரும்பகுதியை ரஷ்யாவுக்கே விற்றது. 1997 மே 28 ஒப்பந்தத்தின் முடிவில் ரஷ்யாவுக்கு 81.7 சதவீதம், உக்ரைனுக்கு 18.3. கப்பல்களுக்கு 52.65 கோடி டாலர், செவஸ்தோபோல் தளத்துக்கு ஆண்டுக்கு 9.775 கோடி டாலர் வாடகை, 2017 வரை. பணம் கையில் வராது. எரிவாயுக் கடனில் கழித்துக்கொள்வார்கள். 2010இல் எரிவாயு விலையைக் குறைத்ததற்குப் பதிலாக வாடகைக்காலம் 2042 வரை நீண்டது. 2014 பிப்ரவரியில் கிரிமியாவைப் பிடித்தபோது, அதற்கான தளம் ஏற்கெனவே சட்டப்படி ரஷ்யாவின் வாடகை இடம். அந்த மார்ச்சிலேயே வாடகை ஒப்பந்தத்தை மாஸ்கோ ரத்து செய்தது. சொந்த நிலத்துக்கு யார் வாடகை கொடுப்பார்கள்?

பணத்தைப் பங்கிட்டதில் நடந்த கூத்து தனி. நாடு பதினைந்தான பிறகும் பல நாடுகளில் ரூபிளே புழங்கியது. நோட்டு அச்சடிக்கும் அச்சகம் ரஷ்யாவில் மட்டும். ஆனால் ஒவ்வொரு நாட்டு மத்திய வங்கியும் கணக்கில் கடன் எழுத முடிந்தது. நோட்டு வேண்டாம், பேரேட்டில் ஒரு வரி போதும். நீ எழுதும் கடனின் பலன் முழுக்க உனக்கு, விலைவாசி உயர்வோ எல்லாருக்கும் பொது. அப்படியானால் யார் குறைவாக எழுதுவார்கள்? 1992இல் ரஷ்யாவில் விலைவாசி 2,500 சதவீதம் ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எஸ்தோனியா 1992 ஜூனிலேயே விலகி, ஒரு ஜெர்மன் மார்க்குக்கு 8 குரூன் என்று கட்டிக்கொண்டது. 1993 ஜூலை 24 அன்று ரஷ்ய மத்திய வங்கி பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்தது. ஆளுக்கு 35,000 ரூபிள்தான் மாற்றலாம் என்றார்கள், கலவரம் ஆகும்போல் இருந்ததும் 1,00,000 ஆக்கினார்கள். ரூபிள் வட்டாரம் கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது.

கடனுக்கு வேறு கணக்கு. 1991 டிசம்பர் 4 ஒப்பந்தத்தில் ரஷ்யாவுக்கு 61.34 சதவீதம், உக்ரைனுக்கு 16.37 என்று பங்கு போட்டார்கள். மற்றவர்களால் கட்ட முடியாது என்பது சில மாதத்திலேயே தெரிந்தது. ‘பூஜ்ய உடன்பாடு’ என்று ரஷ்யா ஒரு வழி சொன்னது: உங்கள் கடனையும் நானே கட்டுகிறேன், வெளிநாட்டில் உள்ள தூதரகம், வங்கி, கட்டடம், வரவேண்டிய பாக்கி எல்லாம் என்னுடையது. உக்ரைன் 1994இல் கையெழுத்திட்டது, நாடாளுமன்றம் அங்கீகரிக்கவில்லை. பால்டிக் நாடுகள் மூன்றும் ‘எங்களை 1940இல் பிடித்துவைத்திருந்தீர்கள், நாங்கள் உங்கள் வாரிசே அல்ல’ என்று சொல்லிக் கடனிலும் சொத்திலும் பங்கு வேண்டாம் என்றுவிட்டன. கடன் கொடுத்த அரசுகளின் குழுவான பாரிஸ் கிளப்புக்குத் தர வேண்டியதை ரஷ்யா 2006இல், எண்ணெய் விலை ஏறிய காலத்தில், தவணைக்கு முன்பே அடைத்தது. கடைசிச் சோவியத் கடன் அடைந்தது 2017 ஆகஸ்டில்: போஸ்னியாவுக்கு 12.52 கோடி டாலர். கடன் வாங்கிய நாடும் இல்லை, கொடுத்த யூகோஸ்லாவியாவும் இல்லை.

நேட்டோ பற்றிச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். 1990 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் கோர்பச்சேவிடம் ‘நேட்டோ ஓர் அங்குலம்கூட கிழக்கே நகராது’ என்ற ரீதியில் பேசியது உண்மை. அது எழுத்தில் ஏறவில்லை என்பதும் உண்மை. எழுத்தில் ஏறியது ஜெர்மனி இணைப்புக்கான 1990 செப்டம்பர் ஒப்பந்தம். அது பழைய கிழக்கு ஜெர்மனியின் மண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அப்போது சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தமே உயிரோடு இருந்தது, போலந்து நேட்டோவில் சேரும் என்று யாரும் பேச வேண்டிய நிலை இல்லை. 1999இல் மூன்று நாடு, 2004இல் பால்டிக் உட்பட ஏழு நாடு சேர்ந்தன. சேரத் துடித்தவை அந்த நாடுகள்தான் என்பதை மாஸ்கோ பேசுவதில்லை. 2008இல் புக்கரெஸ்டில் ‘உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் சேரும்’ என்று தேதியில்லாத வாக்குறுதி கொடுத்த அபத்தத்தை வாஷிங்டன் பேசுவதில்லை.

மாஸ்கோவை நம்பி நின்றவர்களுக்குப் பங்கு எதுவும் கிடையாது. ஆப்கானிஸ்தானில் நஜிபுல்லா அரசு, சோவியத் படை வெளியேறிய பின்னும் மூன்று ஆண்டு தாக்குப்பிடித்தது. 1991 செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத்தும் இருதரப்புக்கும் ஆயுத உதவியை நிறுத்துவதென்று முடிவுசெய்து, 1992 ஜனவரி 1 முதல் எண்ணெயும் பணமும் நின்றன. ஏப்ரலில் அரசு விழுந்தது. கியூபாவின் பொருளாதாரம் 1993க்குள் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது.

இந்தியாவுக்கு வந்த பங்கு கடன்பாக்கி. ஆயுதமும் ஆலையும் ரூபாய்-ரூபிள் கணக்கில் வாங்கியிருந்தோம். 1992இல் ஒரு டாலருக்கு 400 ரூபிளைத் தாண்டியபோது சந்தை விலையில் கட்டினால் பழைய கடன் சில்லறைக் காசு. ரஷ்யாவோ பழைய அரசு விலையைக் கேட்டது. 1993 ஜனவரியில் யெல்ட்சின் டெல்லி வந்தபோது பேரம் முடிந்தது: ரூபிளுக்குச் சுமார் 19.92 ரூபாய் என்ற 1990 ஜனவரி விலை. கடனில் 63 சதவீதத்தை 12 ஆண்டில் 2.4 சதவீத வட்டியோடும், மீதி 37 சதவீதத்தை வட்டியில்லாமல் 45 ஆண்டிலும் கட்ட வேண்டும். அந்த ரூபாயில் ரஷ்யா இந்தியச் சரக்கு வாங்கிக்கொள்ளும். தேயிலை, புகையிலை ஏற்றுமதி செய்தவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே நினைவிருக்கும். சந்தை விலையைப் பார்த்தால் இந்தியாவுக்கு மோசமான பேரம். ஆனால் மிக் விமானத்துக்கும் டி-72 டாங்கிக்கும் உதிரிப்பாகம் வேறு யாரிடம் வாங்குவது?

ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் (கடுங்குளிர் திரவ எரிபொருள்) எஞ்சினை இந்தியாவுக்குத் தரும் ஒப்பந்தம் ஒன்றியம் உயிரோடிருந்த 1991 ஜனவரியில் போட்டது. 1992 மேயில் அமெரிக்கா தடை விதித்தது, 1993 ஜூலையில் டாலருக்குத் தவித்த ரஷ்யா தொழில்நுட்பம் தர முடியாது என்று பின்வாங்கி, தயாரான எஞ்சின்களை மட்டும் தந்தது. மகேந்திரகிரியில் பல வருடம் சோதித்து உருவாக்கிய சொந்த எஞ்சின் 2014 ஜனவரியில்தான் ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் வெற்றிகரமாகப் பறந்தது. கூடங்குளம் இதற்கு நேர்மாறு. 1988 நவம்பரில் ராஜீவும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம் பத்து ஆண்டு தூங்கியது. இடையில் 1992இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் இந்தியா போன்ற நாடுகளுக்கு உலை விற்பதற்குத் தடை போட்டிருந்தன. 1998 ஜூனில், பொக்ரான் வெடித்து இரண்டு மாதம்கூட ஆகுமுன் அதைப் புதுப்பித்த ரஷ்யா, ‘இது தடைக்கு முந்தைய சோவியத் ஒப்பந்தம், நாங்கள் அதன் வாரிசு’ என்றது. ஐநா நாற்காலிக்குச் சொன்ன அதே வாதம். பழைய ஒப்பந்தத்தில் எரிந்த எரிபொருள் சோவியத்துக்கே திரும்பிப் போகும் என்றிருந்தது. புதிதில் அது இங்கேயே தங்கும் என்று மாறிவிட்டது. அந்த மாற்றத்தைப் பற்றி அப்போது இங்கே பேசியவர்கள் குறைவு.

ஆயுதத் தொழிற்சாலைகளும் எல்லைக்கு எல்லை சிதறிப்போயின. இந்திய விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் கீவில் செய்தது, கடற்படைக் கப்பல்களின் எரிவாயு விசையாழி உக்ரைனின் மிகோலாயிவ் நகரத்து ஸோர்யா-மாஷ்புரோயெக்ட் ஆலையில் செய்தது. ரஷ்யக் கப்பல்கட்டும் தளங்களுக்கும் அங்கிருந்துதான் எஞ்சின் போனது. 2014க்குப் பிறகு உக்ரைன் விற்பனையை நிறுத்தியதும், கலினின்கிராடின் யாந்தர் தளத்தில் ரஷ்யக் கடற்படைக்காகக் கட்டிய போர்க்கப்பல்கள் எஞ்சின் இல்லாமல் நின்றன. அவற்றில் இரண்டை இந்தியா 2018இல் வாங்கியது. எஞ்சினை உக்ரைனிடம் தானே காசு கொடுத்து வாங்கி, ரஷ்யாவுக்கு அனுப்பிப் பொருத்தச் சொன்னது. போர் தொடங்கிய பிறகும் வேலை நிற்கவில்லை. முதல் கப்பல் ‘துஷில்’ 2024 டிசம்பரில் கலினின்கிராடில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது, ‘தமால்’ 2025 ஜூலையில். அதே ரகத்தில் இன்னும் இரண்டைக் கோவா கப்பல்கட்டும் தளம் கட்டிக்கொண்டிருக்கிறது.